பனி என்று எழுதப்பட்ட புகை

என் அண்ணிக்கு அருவருப்பு சட்டென்று வந்துவிடும். குழாயைத் திறப்பதற்கு முன் குழாயைக் கழுவுவார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வார். யார் வீட்டிலாவது தண்ணீர் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் குடிச்சேன்" என்று சிரிப்பார். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. வந்த வாரமே என் விளையாட்டு சாக்ஸை இடுக்கியால் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார். "இதுக்கு உயிர் வந்திருச்சு தம்பி, வெளியில கட்டிப் போடு" என்றார்.

அண்ணிக்கு வேலை வானிலை நிலையத்தில். ஊருக்கு வெளியே சின்ன மேட்டின்மேல் ஒரு மொட்டைமாடிக் கட்டடம், முன்னால் கம்பி வேலி போட்ட புல்தரை, அதில் நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி. பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது, வித்தியாசம் கூடக் கூடக் காற்று காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். அதைப் படித்துவிட்டு அண்ணி மாடிக்கு ஏறுவார். மாவு மில்லின் புகைபோக்கி தெரிகிறதா? அது முக்கால் கிலோமீட்டர். தண்ணீர்த் தொட்டி ஒன்றரை. செல்போன் கோபுரம் நான்கு. மலை பன்னிரண்டு. எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது, எது மறைக்கிறது என்று பதிவேட்டில் எண்ணாக எழுத வேண்டும். மறைப்பது புகையானால் குறியீட்டு எண் நான்கு. பனிமூட்டமானால் பத்து. இருபத்தாறு வருஷம் இதைத்தான் செய்தார்.

தெருவில் அவருக்கு மழைக்காரம்மா என்று பெயர். துணி காயப்போட்ட நாளில் மழை பெய்தால் எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கே வந்து சண்டை பிடிப்பார். "நான் ஜோசியம் சொல்றவ இல்லைங்க. வானத்தைப் பார்த்து இருக்கிறதை எழுதி வைக்கிறவ. நாளைக்கு என்ன ஆகும்னு சொல்றது தலைமை ஆபீஸ். அங்க போய்ச் சண்டை போடுங்க" என்று அண்ணி ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்வார்.

அந்த வருஷம் ஏழு மாதமாக மழை இல்லை. மலையில் சருகு முழங்கால் உயரம் கிடந்தது என்றார்கள். யார் தீக்குச்சி போட்டார்களோ, எங்கே பொறி விழுந்ததோ, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மலையின் வடக்குச் சரிவில் வால் மாதிரி ஒரு புகை எழுந்தது. சனிக்கிழமை அது நாலைந்து வாலானது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மலையைக் காணவில்லை.

புகை வந்தால் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. அண்ணியிடம் காரணம் கேட்டேன்.

"வழக்கமா கீழ இருக்கிற காத்து சூடாகி மேல ஏறும், புகையையும் தூக்கிட்டுப் போயிரும். இப்போ எல்லாம் தலைகீழ். மேல சூடு, கீழ குளிரு. நம்ம ஊரு வேற குழியில கிடக்கு. அடுப்புல இருக்கிற குண்டான மூடி போட்டு மூடின மாதிரிதான். ராத்திரி மலையில இருந்து இறங்கி வர்றது எல்லாம் உள்ளயே நிக்கும். காத்து திசை மாறுற வரைக்கும் இதைத்தான் குடிக்கணும்" என்றார்.

குடித்தோம். ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டைச் செருகினோம். சாயங்காலம் எடுத்துப் பிழிந்தால் டீ நிறத்தில் தண்ணீர் சொட்டியது. மூக்கைச் சிந்தினால் கரி. தலையணையில் முகம் வைத்தால் எரிந்த முடி நாற்றம். தயிரின்மேல் சாம்பல் துணுக்கு மிதந்தது. அண்ணன் அதை விரலால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார், அண்ணி எழுந்து போய்விட்டார். நிலையத்தில் வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஈரத் துணியை அவர் தினமும் மாற்றினார். "காலையில வெள்ளையா கட்டுறேன். சாயங்காலம் சவத்து மேல இருந்து அவுத்த மாதிரி இருக்கு" என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அந்த வாரம் வியாழக்கிழமை ஊரின் புது மைதானத்துக்குத் திறப்பு விழா. பெரிய மனிதர்கள் வருகிறார்கள், ஆறு பள்ளிகளின் பிள்ளைகள் ஓட வேண்டும், அணிவகுக்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சி. ஆனால் கல்வித் துறையின் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. வானிலை நிலையம் காலை அறிக்கையில் புகை என்று சொல்லிவிட்டால் அன்று வெளியில் விளையாட்டு கூடாது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கு நாளும் அறிக்கையில் புகை என்றுதான் வந்தது. மைதான வாசலில் காற்றின் தரத்தைக் காட்டும் மின்பலகை ஒன்று உண்டு. அதைச் செவ்வாய்க்கிழமையே ஒரு விழாப் பதாகையால் மூடிவிட்டார்கள். பதாகையில் சிரித்த முகங்கள் வரிசையாக இருந்தன.

வியாழக்கிழமை விடியற்காலை நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அண்ணி சொன்னபடி சொல்கிறேன்.

ஐந்தரை மணிக்கு அவர் பெட்டியைத் திறந்து படித்தார். சும்மா இருந்தது பதினெட்டு புள்ளி நான்கு. ஈரத் துணி கட்டியது பதினொன்று புள்ளி இரண்டு. காற்றில் ஈரம் நாற்பது சதவீதம்கூடத் தேறாது. பனிமூட்டம் என்றால் எண்பத்தைந்தாவது இருக்க வேண்டும். மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி மங்கலாகத் தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. கீழே இறங்கி வந்தபோது நிலைய அதிகாரி வந்து காத்திருந்தார். ஒன்பது மணிக்கு முன்னால் அவரை அங்கே பார்த்தவர் கிடையாது.

அவருடைய அறையின் ஜன்னல்களை ஒட்டுநாடாவால் அடைத்திருந்தார்கள். மூலையில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட். முகத்தில் இரண்டு முகமூடி, ஒன்றின்மேல் ஒன்று. பேசும்போது இரண்டையும் தாடைக்கு இறக்குவார், பேசி முடித்ததும் ஏற்றிக்கொள்வார்.

"மேடம், இன்னைக்குப் பத்துப் போட்டுருங்க."

"சார், ரெண்டுக்கும் ஏழு டிகிரி வித்தியாசம் இருக்கு. பனி எங்க இருந்து வரும்?"

"பனின்னா என்ன, புகைன்னா என்ன? ரெண்டுலயும் கண்ணு தெரியாது. அவ்வளவுதானே."

"ஒண்ணு மூச்சடைக்கும் சார்."

அதிகாரி முகமூடியை ஏற்றினார், மறுபடி இறக்கினார். "மேலிடத்துல இருந்து ராத்திரி மூணு போன் மேடம். நான் ஒண்ணும் எனக்காகக் கேக்கல. ஆமா, உங்க பொண்ணுக்குப் பிரசவம் எப்போ, அடுத்த வாரமா? லீவு லெட்டர் என் மேஜையிலதான் கிடக்கு. இருபது நாள் கேட்டிருக்கீங்க. விழா நல்லபடியா முடிஞ்சா சாயங்காலம் நிம்மதியா உட்கார்ந்து கையெழுத்துப் போடுவேன்."

அண்ணியின் ஒரே மகள் ஒரு நாள் ரயில் பயணத் தூரத்தில் இருந்தாள். முதல் கர்ப்பம் கலைந்து, இது இரண்டாவது. அங்கே அவளுக்குத் துணை யாருமில்லை.

"பேனா என் கையில இருந்துச்சு" என்றார் அண்ணி. "அவர் பெப்பர்மின்ட் வாசம் மூஞ்சியில அடிச்சுது. சீக்கிரம் அந்த ரூமை விட்டு வெளியில வந்தாப் போதும்னு இருந்துச்சு. பத்துன்னு எழுதிட்டேன்."

ஆறரை மணி அறிக்கையில் பனிமூட்டம் என்று வந்தது.

ஆறு ஐம்பதுக்கு என் போன் அடித்தது. நான் மைதானத்தில் பிள்ளைகளுக்கு நம்பர் அட்டை குத்திக்கொண்டிருந்தேன்.

"தம்பி, பிள்ளைங்கள ஓட விடாதே."

"ஏன் அண்ணி? பனிமூட்டம்னு அறிக்கை வந்திருக்கே."



"அதை எழுதினது நான்தான். அது பனி இல்ல. ஓட விடாதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இங்கே நிறுத்தி, என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அது பனி இல்லை என்று எனக்கு அண்ணி சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எனக்கு மூக்கு இல்லையா? என் சட்டையே நாறியது. ஆனாலும் தலைமையாசிரியையிடம் போய், "மேடம், காத்து சரியில்ல, ஓட்டத்தையாவது நிறுத்திரலாமா?" என்று வாய்க்குள்ளேயே முனகினேன். அவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எழுத்துல வந்திருக்கு சார், பனின்னு. நீங்க வானிலை ஆபீஸைவிடப் பெரிய ஆளா?" என்றார். எழுதியவரே கூப்பிட்டுச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அண்ணிக்கு வம்பு என்று அப்போது ஒரு சமாதானம் வைத்துக்கொண்டேன். பொய். மூன்று மாதப் பயிற்சி வீணாகக் கூடாது, மேடையில் இருப்பவர்கள் என் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விசிலை எடுத்து ஊதினேன்.

சூரியன் முட்டைக் கரு மாதிரி தொங்கியது. மேடையில் இருந்த அத்தனை பேரும் முகமூடி போட்டிருந்தார்கள். போட்டோ எடுக்கும்போது மட்டும் கழற்றினார்கள். ஒருவர் ஒலிபெருக்கியில், "பனியென்றும் பாராமல் ஓடி வரும் இந்தப் பிஞ்சுகள்" என்று ஆரம்பித்தார். பிஞ்சுகள் இருமிக்கொண்டே ஓடின.

என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், நாங்கள் குருவி என்று கூப்பிடுவோம். ஓடும்போது கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும். ஐந்து சுற்று ஓட்டத்தில் மூன்றாவது சுற்றுவரை முன்னால் இருந்தாள். நாலாவதில் வயிற்றைப் பிடித்தாள், பிறகு கழுத்தைப் பிடித்தாள். திருப்பத்தில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு உள்ளே போகும்போது விசில் சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். பிறகு எண்ண முடியவில்லை. மேடையில் பேச்சு நிற்கவில்லை. பேசியவருக்கு இங்கே நடப்பது தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். தெரியாதுதான், புகை மறைத்தது.

முப்பத்தொரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். கட்டில் போதாமல் இரண்டிரண்டு பேராகப் படுக்க வைத்தார்கள். குருவிக்குப் பிராணவாயுக் குழாய் எட்டு நாள் இருந்தது. அன்று மத்தியானம் அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். எச்சில் துப்பிய சுவர், வாந்தி வாடை அடிக்கும் தாழ்வாரம், வழக்கமாக அவர் கால் வைக்காத இடம். ஒவ்வொரு கட்டிலாக நின்று பார்த்தார். குருவியின் கட்டில் அருகில் வந்ததும் வெளியே ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டு போனேன். என் கையைத் தொடாமல் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"விசில் ஊதினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் அண்ணி."

"ம்" என்றார்.

மறுநாள் பத்திரிகையில் நான் குருவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் படம் வந்தது. 'மாணவியைக் காத்த ஆசிரியர்' என்று தலைப்பு. ஆசிரியர் அறையில் அதை வெட்டி ஒட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் கசப்பு ஊறியது.

விசாரணை வைத்தார்கள். நிலைய அதிகாரி முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார்: வானிலைப் பார்வையாளர் பனிமூட்டம் என்று பதிந்தார், நான் அதை நம்பி அனுப்பினேன், அவருக்கு வயதாகிறது, பார்வை மங்கியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலமே யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பத்து என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே பதினெட்டு புள்ளி நான்கும் பதினொன்று புள்ளி இரண்டும் இருக்கின்றன. வெப்பமானிகளை அண்ணி உள்ளபடியே எழுதியிருந்தார். அவ்வளவு காய்ந்த காற்றில் பனிமூட்டம் என்பதை இந்தத் தொழில் தெரிந்தவர் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை, கக்கத்தில் பதிவேடு. அண்ணன் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். அண்ணன் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுப்பவர், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வாழ்ந்த மனிதர், சண்டையென்றால் ஆகாது.

"ஒரே ஒரு எண் மேடம்" என்றார் அதிகாரி. "பதினொண்ணைப் பதினேழாக்கணும். ஒரு கோடு இழுத்தாப் போதும். பனி பனியாவே இருந்துரும், உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல. லீவு சாங்ஷன் ஆயிருச்சு, இதோ பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினார்.

"எழுதிரு, ஒரு எண்தானே" என்றார் அண்ணன்.

அண்ணி அண்ணனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. சாக்ஸைப் பார்த்ததும் அப்படித்தான்.

"சார், ஒரு தடவை எழுதிட்டு நாலு நாளா சோறு இறங்கல. வாயில எதை வச்சாலும் உங்க பெப்பர்மின்ட் வாடை வருது. நீங்க கிளம்புங்க."

"மேடம், யோசிச்சு..."

"ஆப்பிளை எடுத்துட்டுப் போங்க."

அவர் போன பிறகு, அவர் குடித்த கோப்பையை அண்ணி கழுவவில்லை. வெளியே கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். நல்ல கோப்பை, ஆறு கொண்ட செட். அண்ணன் ஒரு வாரம் புலம்பினார்.

விசாரணை கல்வி அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், பிள்ளைகளின் பெற்றோரும் வந்திருந்தார்கள். அண்ணியின் முறை வந்ததும் எழுந்து நின்றார்.

"எழுதினது நான். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன். கண்ணுல கோளாறு ஒண்ணும் இல்ல. அதிகாரி சொன்னார், லீவைக் காட்டிச் சொன்னார். அப்புறம் வீட்டுக்கே வந்து இன்னொரு எண்ணையும் மாத்தச் சொன்னார், அதுக்கு நான் ஒத்துக்கல. ஆனா முதல் எண்ணை எழுதின கை என்னோடது."

"தவறு என்று தெரிந்த பிறகு யாரையாவது எச்சரித்தீர்களா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

அண்ணி ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல" என்றார்.

நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, கூப்பிட்டுச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே குருவியின் அம்மா நின்றிருந்தார். ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவர். தண்ணீரில் ஊறிய விரல்கள். அண்ணியின் வழியை மறித்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுப் பிள்ளை அன்னைக்கு ஓடுறதா இருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

அண்ணி நேராக அவர் முகத்தைப் பார்த்தார். "நாலுன்னு, புகைன்னுதான் எழுதியிருப்பேன்" என்றார்.

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை. அண்ணியின் காலடியில் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினார். "சார், நீங்க மட்டும் தூக்கிட்டு ஓடலைன்னா என் பிள்ளை எனக்கில்ல" என்றார். அந்தத் துப்பல் என்மேல் விழுந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

அண்ணியை இடைநீக்கம் செய்தார்கள். இடைநீக்கத்தில் இருப்பவர் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பது விதி. மகளுக்குப் பிரசவமானபோது அவர் இங்கே வாசற்படியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. ஐந்து மாதம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மாடிக்கும் பெட்டிக்கும் இல்லை, பழைய பதிவேடுகளை அடுக்கி வைக்கும் அறைக்கு. நிலைய அதிகாரியைக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். காற்று நன்றாக வரும் ஊர். அவர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றம் அது.

காற்றா? அது பதினோராவது நாள் திசை மாறியது. ஒரே மத்தியானத்தில் ஊர் வெளுத்தது. மலை தெரிந்தது, கறுப்பாக.

குருவி இப்போது நடக்கிறாள், படிக்கிறாள். ஓடுவதில்லை. படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுகிறாள். ஏழு மாதம் கழித்து நான் அந்தக் கேன்டீனின் பின்வாசலுக்குப் போனேன். அவள் அம்மா ஒரு பெரிய குண்டானுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் வந்ததை, கேட்டும் விசில் ஊதியதை, விசாரணையில் வாயைத் திறக்காததைச் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகு குண்டானுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அந்தம்மா மூஞ்சியில துப்பாம காலுல துப்பினேனே. உங்க மேல எங்க துப்புறது சார்? போங்க."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். "அன்னைக்கு ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல அண்ணி?" என்று கேட்டேன்.

"உன்மேல பாசத்துல இல்ல தம்பி" என்றார். "உன் பேரைச் சொன்னா என் பொய்யில பாதியை உன் தலையில இறக்கின மாதிரி ஆயிரும். அந்தாளு அதைத்தானே என்கிட்ட செஞ்சாரு. அதே வேலையை நானும் செய்யணுமா, நினைச்சாலே குமட்டுச்சு."

இந்த வருஷமும் மழை தவறிவிட்டது. போன வாரம் மலையின் தெற்குச் சரிவில் தீ. காலையில் எழுந்தால் தொண்டையில் அதே கரி. புது நிலைய அதிகாரி விவரமானவர், புகை என்றும் எழுதுவதில்லை, பனி என்றும் எழுதுவதில்லை. 'மங்கலான வானம்' என்று அறிக்கை வருகிறது. சுற்றறிக்கையில் மங்கலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பதிவேட்டு அறையிலிருந்து வந்த அண்ணி அதைக் கேட்டுவிட்டு, "மங்கலாம்" என்று சொல்லி வாய் கொப்பளிக்கப் போனார்.

நேற்று மண்டல அளவிலான ஓட்டப்பந்தயம். காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று, வந்த பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். தலைமையாசிரியை ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"யாரையும் கேக்கல மேடம். நாறுது, அதான்."

"அறிக்கையில அப்படி ஒண்ணும் இல்லையே!"

"இருக்காது மேடம்" என்றேன்.

மத்தியானம் மெமோ கொடுத்தார். மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம்.